தேதி போடாத என் குரல்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என்னை நானே எச்சரித்தேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற நேரம். வெளியே சடசடவென்று மழை. போன் சத்தம் கேட்டு எடுத்துப் பார்த்தால், எங்கள் குடும்ப குரூப்பில் என் நாத்தனார் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறாள். கீழே ஒரு வரி: 'அண்ணி, ஜாக்கிரதை. கடைக்குப் போகாதீங்க.'

அழுத்திக் கேட்டேன்.

"வணக்கம்ங்க. நான் தையல்கடை மல்லிகா பேசறேன். வேங்கிக்கால் ஏரி ரொம்பி ரோட்டு மேல தண்ணி ஓடுது. முட்டி வரைக்கும் இருக்குது. நான் கண்ணால பாத்துட்டு, நின்ன எடத்துலருந்து சொல்றேன். பஸ் எதுவும் போகல. இந்தப் பக்கம் இருக்கிற ஆபீசுங்க எல்லாம் இன்னைக்கு லீவு விட்டுட்டாங்க. யாரும் கெளம்பி வராதீங்க. தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சொல்லுங்க."

என் குரல்! என் பேர்! என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தைகள்!

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"ஊரையெல்லாம் வராதீங்கன்னு சொல்லிட்டு, நீ மட்டும் எங்கடி டிபன் பாக்ஸ் கட்டினு இருக்கற?"

"அது அந்த மழை வருஷத்துதுங்க. யாரோ எடுத்து மறுபடியும் சுத்த வுட்டுருக்காங்க."

"அதானே பாத்தேன். இப்பல்லாம் உன் குரல் இவ்ளோ சாந்தமா இருக்கறதில்லையே!"

சிரித்தேன். குடும்ப குரூப்பில் 'இது பழசுடி' என்று எழுதி, கூடவே ரெண்டு சிரிக்கிற மூஞ்சி போட்டேன். அந்த குரூப்பில் நாங்கள் மொத்தம் பதினோரு பேர்.

அப்புறம் செய்த காரியத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்னொரு தடவை அழுத்திக் கேட்டேன். எதற்கு? நம் குரல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, எவ்வளவு பொறுப்பாகப் பேசியிருக்கிறோம் என்று ரசிக்கத்தான். மணி அப்போது எட்டு.

இந்த எட்டு மணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கப் போவதில்லை.

வாரா வாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு அந்த மழை வருஷத்துக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் தினமும் கும்பிடுகிற மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின் மேல் இறங்கிய வருஷம் அது. சில வீடுகளில் இன்றைக்கும் அந்த நாளைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டார்கள். நானும் இங்கே எடுக்கவில்லை.

அந்த மழையோடு மழையாக இன்னொன்றும் கொட்டியது — வதந்தி. 'ஏரி ஒடஞ்சிடுச்சு, ஓடுங்க ஓடுங்க' என்று ஒரு மெசேஜ். யார் அனுப்பியது? தெரியாது. எந்த ஏரி? அதுவும் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு அம்மா, கையில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடி, திறந்து கிடந்த கால்வாயில் கால் வைத்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்கள். எந்த ஏரியும் உடையவில்லை. அவங்க இடுப்புதான் உடைந்தது.

அந்தக் கோபத்தில்தான், மறுநாள் எங்கள் வீட்டுக்காரரின் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு நானே வேங்கிக்காலுக்குப் போனேன். தண்ணீரைக் கண்ணால் பார்த்தேன். ஆபீஸ் வாசலில் இருந்தவர்களிடம் வாயால் கேட்டேன். அங்கேயே நின்று, பேரைச் சொல்லிப் பேசி அனுப்பினேன். அன்றைக்கு அது வேலை செய்தது. கிளம்ப இருந்த எத்தனையோ பேர் நின்றுவிட்டார்கள். மழை விட்ட பிறகு கோயில் பக்கம் பூ வாங்கப் போனால்கூட, "அக்கா, உங்க ஆடியோ வந்துச்சுக்கா" என்று ஒரு முழம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

விடுவேனா? அதை வைத்து இந்தப் பத்தியில் எழுதினேன். மகளிர் குழுக்களில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். "கொரோனா காலத்துல எதை எதையோ நம்பி எத கொதிக்க வச்சுக் குடிச்சோம்? ஏரி ஒடஞ்சுதுன்னு நம்பி எங்க ஓடினோம்? இனிமே ஒரு சேதி வந்தா மூணு கேள்வி கேளுங்க. யார் சொன்னது? கண்ணால பாத்தாங்களா, காதால கேட்டாங்களா? பேரைச் சொல்லித் தைரியமா சொல்றாங்களா? மூணுக்கும் பதில் இருந்தா நம்புங்க. இல்லன்னா அழிங்க."

கடைசியில் ஒரு பழமொழி. "நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாது!" கைதட்டல். ஒரு டம்ளர் டீ. ஒரு துண்டு. வீட்டில் அந்தத் துண்டுகள் பீரோவில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

சரி... செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

ஒன்பது மணிக்கு மழை நின்றது. ஒன்பதரைக்கு வெயில். பத்து மணிக்கெல்லாம் கடைக்கு எதிரே ஈரத் துணி காயப் போட்டிருந்தார்கள். நான் மிஷினில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு லைனிங் வைத்துக்கொண்டிருந்தேன். என் குரல் ஊருக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்கிற நினைப்பே இல்லை. மத்தியானம் பெங்களூரில் இருக்கும் என் சித்தி பையன் போன் பண்ணினான். "அக்கா, ஊர்ல வெள்ளமாமே?" என்றான். அப்போதும் சிரித்தேன். "வெள்ளமும் இல்ல, வெல்லமும் இல்ல, போடா" என்றேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு சுமதி வந்தாள்.

சுமதிக்கு ஊர் பக்கத்தில் இருக்கிற அடி அண்ணாமலை கிராமம். பதினைந்து வருஷமாக என்னிடம்தான் துணி கொடுக்கிறாள். கணவர் வேன் டிரைவர். பாதி நாள் வெளியூர் சவாரி. ஒரே மகள், எட்டாவது படிக்கிறாள். சுமதி பிளஸ் டூ முடித்தவள். வீட்டுக்கு ரெண்டு வாசல் தள்ளி அங்கன்வாடி. அங்கே ஆள் வராத நாட்களில் இவள்தான் போய் உட்கார்ந்துகொள்வாள் — யாரும் கேட்காமல், யாரும் எதுவும் கொடுக்காமல். பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்து, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, தூங்க வைத்து. அந்தப் பொடிசுகள் இவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும். தெருவில் போனால் பின்னாலேயே, "டீச்சர்... டீச்சர்..." என்று ஒரு ஊர்வலம்.

அந்த அங்கன்வாடியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது, சுமதி விண்ணப்பம் போட்டாள். வேங்கிக்கால் ஆபீசில் நேர்காணல் என்று கடிதமும் வந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் போன மாதம் என் கடைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, இந்த நீலத் துணியில ரவிக்கை. கிரீம் கலர் பொடவை, நீல பார்டர். கழுத்து ஜாஸ்தி எறக்காதீங்க. கை முட்டி வரைக்கும் வைங்க. பாத்தா டீச்சர் மாதிரி இருக்கணும்."

"நீ துணி இல்லாமலே டீச்சர்தாண்டி."

"அய்யய்யோ, என்னக்கா பேசறீங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள். "இதான்க்கா எனக்குக் கடைசி. அடுத்த தடவை கூப்பிடறப்போ வயசு தாண்டிடும்."

ரவிக்கையைத் திங்கட்கிழமையே தைத்துக் கொடுத்துவிட்டேன். எந்தத் துணி வந்தாலும் நான் ஒரு சின்னச் சீட்டில் பேரும் தேதியும் எழுதி ஊசியால் குத்தி வைப்பது வழக்கம். துணி கொடுத்த பிறகு அந்தச் சீட்டை ஒரு டப்பாவில் போடுவேன். சுமதி துணியின் சீட்டில் தேதிக்குக் கீழே நான் என் கையாலேயே எழுதியது — 'சுமதி. செவ்வாய் இன்டர்வியூ. திங்கள் கண்டிப்பா.'

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு மணி. சுமதி கடை வாசலில் நிற்கிறாள். வீட்டுப் புடவை. கையில் பிளாஸ்டிக் கவரில் சர்டிபிகேட்டுகள். முகத்தில் ஒரு நிம்மதி.

"நல்ல வேளைக்கா, நீங்க சொன்னீங்க. இல்லன்னா அந்தத் தண்ணியில போய் மாட்டினு இருப்பேன்."

என் கால் மிஷின் பெடலிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னேன்?"

"வேங்கிக்கால்ல தண்ணி, ஆபீசெல்லாம் லீவுன்னு. காலையில எங்க குழுவுல வந்துச்சு. பொடவை கட்டி, பூ வச்சு, கெளம்பி நின்னேன்க்கா. உங்க குரலக் கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டேன். இப்ப பஸ்ல வரப்போ பாத்தேன், எங்கயும் தண்ணியக் காணோம். சீக்கிரம் வடிஞ்சிடுச்சு போல."

மிஷினை விட்டு எழுந்தேன்.

"மறுபடியும் எப்போ வைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா? நீங்கதான் அங்கயே நின்னு பேசினீங்களே... யாரையாவது கேட்டீங்களா?"

எனக்கு வாய் கொஞ்சமில்லை என்று ஊரே சொல்லும். அந்த வாயாலேயே இதையும் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் சொன்னேன். அது அந்த மழை வருஷத்தில் பேசியது, சுமதி. இன்றைக்கு நான் வேங்கிக்கால் பக்கமே போகவில்லை.

அவள் உடனே புரிந்துகொள்ளவில்லை. "இல்லக்கா, நீங்கதான். உங்க குரல் எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"நான்தான். ஆனா இன்னைக்கு இல்ல."

"நீங்க சொன்ன மூணு கேள்வியும் கேட்டேன்க்கா" என்றாள். குரல் மெதுவாக இறங்கியது. "யார் சொன்னது? மல்லிகாக்கா. கண்ணால பாத்தாங்களா? பாத்தேன்னு சொல்றாங்க. பேரச் சொல்றாங்களா? மொதல்லயே சொல்றாங்க. மூணும் சரியா இருந்துச்சே..."

ஆமாம். மூன்றும் சரியாக இருந்தது. நான் சொல்லிக் கொடுத்த பாடத்தில் அவள் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாள். பாடம்தான் ஃபெயில்.

ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு ஆட்டோவை நிறுத்தி, இருவரும் வேங்கிக்காலுக்குப் போனோம். வழியெல்லாம் காய்ந்த ரோடு. அவ்வளவு காய்ந்த ரோட்டை நான் அதற்கு முன்னால் வெறுத்ததே இல்லை.

அந்த அலுவலகத்தில் மேஜைக்கு முன்னால் ஒரு ஊழியர் பைல்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டார்.

"பத்து மணிக்கு ஆரம்பிச்சோம்மா. ஒரு மணிக்கெல்லாம் முடிஞ்சிடுச்சு. லிஸ்ட்ல கையெழுத்தும் ஆயிடுச்சு. வராதவங்கள மறுபடியும் கூப்பிட எங்களுக்கு வழியில்லம்மா."

"மழை சார்..." என்றாள் சுமதி.

"மழையா? பத்து மணிக்கு வெயில் சுள்ளுனு அடிச்சுதே! எங்கயோ தூரத்து ஊர்லருந்து ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட வந்து காத்துனு இருந்துச்சு."

சுமதி போனை எடுத்தாள். சாட்சி காட்டுகிற மாதிரி மேஜை மேல் வைத்து அழுத்தினாள். அந்த அமைதியான ஆபீஸ் அறையில் என் குரல் கணீரென்று எழுந்தது. 'வணக்கம்ங்க. நான் தையல்கடை மல்லிகா பேசறேன்...'

தன் குரலைத் தானே இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற நிலைமையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதானாம்மா அது? இந்த ஆடியோ என் போன்ல இன்னும் இருக்குது. நான் அழிக்கல. அந்த வருஷம் எங்க அம்மா எங்க கீழ் வீட்டுல தனியா படுத்துனு இருந்தாங்க. நடக்க முடியாது. இதைக் கேட்டுட்டுத்தான் ஓடிப்போய் மாடிக்குத் தூக்கினு போனேன். அப்புறம் ஒரு மணி நேரத்துல வீட்டுக்குள்ள தண்ணி." கையைக் கூப்பினார். "என்னைக்காவது பாத்தா நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

நன்றி! அந்த நேரத்தில், அந்த இடத்தில், சுமதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு நன்றி!

சுமதி சர்டிபிகேட் கவரின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. திறந்து, மறுபடியும் மூடினாள்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ நின்றது. அங்கே ஒரு சுவரில் பெரிய எழுத்தில் போர்டு: பௌர்ணமி கிரிவலம் வர உகந்த நேரம். இந்த ஊரில் அது எங்கேதான் இல்லை? டீக்கடையில், சலூனில், என் கடைக் கதவில்கூட ஒட்டியிருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குப் பௌர்ணமி ஆரம்பிக்கிறது, எந்தத் தேதி, எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு முடிகிறது என்று எழுதியிருக்கும்.

சுமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயணத்தில் அவள் பேசியது இந்த ஒரு வாக்கியம்தான்.

"நெலாவுக்கே ஆரம்பிக்கிற நேரம், முடியற நேரம் ரெண்டும் போட்டுத்தான் ஒட்டறாங்க. உங்க பேச்சுக்கு மட்டும் முடியற நேரமே இல்லையேக்கா."

திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

அன்று ராத்திரி அந்த ஆடியோவை இன்னும் பத்து தடவையாவது கேட்டிருப்பேன் — இந்த முறை ரசிக்க இல்லை. 'இன்னைக்கு லீவு' என்கிறேன். எந்த இன்றைக்கு? 'தண்ணி ஓடுது' என்கிறேன். எந்த வருஷத்துத் தண்ணி? ஒரு முழ ரவிக்கைத் துணிக்குத் தேதி எழுதாமல் வாங்க மாட்டேன் நான். ஒரு ஊரையே வீட்டுக்குள் உட்கார வைக்கிற பேச்சுக்குத் தேதி சொல்லவில்லை. மழையில் நின்று பேசினேன், அவசரம், தோன்றவில்லை... என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதையாவது மன்னிக்கலாம். ஆனால் எட்டு மணி?

எட்டு மணிக்கு எனக்குத் தெரியும் — என் பழைய குரல் ஊருக்குள் சுற்றுகிறது என்று. நேர்காணல் பத்து மணிக்கு. இடையில் ரெண்டு மணி நேரம். சுமதியின் சீட்டு, என் கையெழுத்தில், டப்பாவில் மேலாகவே கிடந்தது. ஒரு வரி போதும்: 'இது பழசு. இன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை.' எனக்குத் தெரிந்த எல்லா குரூப்பிலும் போட அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமா? நான் என் வீட்டு பதினோரு பேருக்குச் சொன்னதோடு சரி. என் கூரை ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டு, பாலை இறக்கப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி புதிதாக ஒன்று பேசி அனுப்பினேன். தேதி, கிழமை, மணி எல்லாம் சொல்லி. 'சுற்றுவது பழைய ஆடியோ, இன்றைக்கு ஒரு ஆபத்தும் இல்லை, நம்பாதீங்க.' அது எவ்வளவு தூரம் போனது தெரியுமா? எங்கள் தெரு முனை வரைக்கும். பழையது பெங்களூர் போய் வந்தது! 'ஆபத்து' என்றால் ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். 'ஒன்றுமில்லை' என்பதை யார் தூக்குவார்? என் நாத்தனாரிடமே கேட்டேன், ஏன் நீ அனுப்பவில்லை என்று. "ஒண்ணும் இல்லன்றதுக்கு எதுக்கு அண்ணி அனுப்பணும்?" என்றாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை.

'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பார்கள். ஒரு விஷயம் சூடு ஆறினால் பிறகு அதை யாரும் சீண்ட மாட்டார்கள் என்று அர்த்தம். அதைச் சொன்னவர்கள் காலத்தில் போன் இல்லை. போனில் கஞ்சி ஆறுவதே இல்லையே! எத்தனை வருஷம் கழித்து அழுத்தினாலும் அன்றைக்குக் காய்ச்சின சூடு. அதே மழைச் சத்தம், அதே மூச்சிரைப்பு, அதே 'இன்னைக்கு'.

வதந்தி என்றால் யாரோ ஒரு கெட்டவன் எங்கேயோ உட்கார்ந்து கட்டிவிடுகிற பொய் என்றுதான் நான் மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே கெட்டவன் யார்? நான் பேசியது உண்மை. அனுப்பினவர்கள் நல்ல எண்ணத்தில் அனுப்பினார்கள். கேட்டவள் யோசித்துத்தான் நம்பினாள். எல்லாரும் நல்லவர்கள், ஒருத்திக்கு வேலை போச்சு. உண்மைக்கு வயசானால் அதுவும் வதந்திதான் போலிருக்கிறது.

போன கஷ்டத்தில் முகம் தெரியாதவன் பேச்சைக் கேட்டு அடிபட்டோம். அதனால் தெரிந்த முகத்தை நம்பு என்று பாடம் எழுதினேன். இந்தத் தடவை அது தெரிந்த முகத்தின் வழியாகவே வந்தது. திருடன் போன முறை கொல்லைப்பக்கம் வந்தான் என்று கொல்லைக் கதவுக்கு மட்டும் பெரிய பூட்டு வாங்கிப் போட்ட கதை. வாசல் கதவு? 'இது எங்க மல்லிகாக்கா குரல்' என்று அகலத் திறந்து கிடந்தது.

இதை எழுத வேண்டாம் என்று ரெண்டு வாரம் தள்ளிப் போட்டேன். ஒரு வாரம் ரேஷன் கடை வரிசையைப் பற்றி எழுதி ஒப்பேற்றினேன். அடுத்த வாரம் மாம்பழம். மாம்பழத்தைப் பற்றி உங்களில் பலர் நன்றாக இருந்தது என்று சொன்னீர்கள். அதற்கு மேல் தள்ளிப் போட முடியவில்லை.

அந்த அங்கன்வாடிக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். வெளியூர். நல்ல பெண்தான் என்கிறார்கள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இந்தத் திங்கட்கிழமை சுமதி கடைக்கு வந்தாள். மகளின் பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பு பிடிக்கவில்லை, பிரிக்க வேண்டும். வேறு கடைக்குப் போகாமல் என்னிடமே வந்தாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எழுந்து நின்றேன். ஸ்டூலைத் தள்ளினேன். டீ சொல்லட்டுமா என்றேன்.

"வேணாம்க்கா. வேல இருக்குது."

"பசங்க எல்லாம் எப்படி இருக்குதுங்க? உன் பின்னாடியே ஓடி வருமே..."

"வருதுங்க." துணியை மேஜை மேல் வைத்து நீவினாள். "டீச்சர்னு கூப்பிடாதீங்கடா, டீச்சர் உள்ள இருக்காங்கன்னு சொல்லிட்டேன். பெருசுங்களுக்குப் புரியுது. பொடிசுங்களுக்குத்தான் புரியல."

நான் தலையைக் குனிந்து பாவாடையைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். தையல் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோ சுமதி."

வழக்கமாக 'சரிக்கா' என்று கிளம்பிவிடுவாள். மற்றவர்கள் கேட்டு வாங்கிப் போகிற தேதிச் சீட்டை, பதினைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட என்னிடம் அவள் வாங்கினதில்லை. நான் எழுதிக் கொடுக்க வந்தால்கூட, "எதுக்குக்கா இதெல்லாம், நீங்க சொன்னா சொன்னதுதான்" என்று சிரிப்பாள்.

அன்றைக்கு அவள் நகரவில்லை.

"எந்த வெள்ளிக்கா?"

"வர வெள்ளிதான்."

கோபமாக இல்லை. கிண்டலாகவும் இல்லை. சுடுபட்ட பிள்ளை அடுப்பைத் தாண்டிப் போகிற மாதிரி, ஜாக்கிரதையாக, தன்மையாகக் கேட்டாள்.

"தேதியோட எழுதிக் குடுத்துடுங்கக்கா."

எழுதினேன். பேர், தேதி, கிழமை, சாயங்காலம் எத்தனை மணிக்கு என்பது வரைக்கும். அவள் அதை ரெண்டு தடவை படித்துவிட்டு, மடித்து, பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பத்தியை யாருக்காவது கத்தரித்து அனுப்புவீர்களானால், பக்கத்தின் மேலே இருக்கிற தேதியையும் சேர்த்துக் கத்தரியுங்கள்.